பழுதில்லாத வருஷம்

எங்கள் சப்-டிவிஷனில் கம்பி அறுந்ததே கிடையாது. முப்பத்தேழு ஜூலை தொடங்கி முப்பத்தெட்டு ஜூன் முடிய, மழை, காற்று, மரம், குரங்கு எல்லாவற்றுக்கும் நடுவில், தேனியிலிருந்து மேற்கே போகிற தந்திக் கம்பியில் ஒரு பழுதும் ஏற்படவில்லை. அதற்கு அத்தாட்சி இருக்கிறது. எழுதியவனே நான்தான். சந்தேகப்படுகிறவர்கள் பழுதுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கு முந்நூற்று அறுபத்தைந்து வரி. ஒவ்வொரு வரியிலும் தேதி மட்டும் இருக்கும். மிச்சமெல்லாம் வெள்ளைத் தாள்.

கம்பி இலாகாவின் தேனி ஆபீசில் நான் பதினாறு வருஷம் ரைட்டர். ஜனங்கள்தான் அதைக் கம்பி இலாகா என்பார்கள். அதன் முழுப்பெயர் கவருக்குள் அடங்காது.

பழுது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் அதைப் பழுது என்று சாதாரண ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது அவர்களுடைய அபிப்பிராயம். இலாகாவில், நம்பர் கொடுக்கப்பட்டதுதான் பழுது. நம்பர் கொடுக்கிறவன் நான். நான் நம்பர் கொடுக்க வேண்டுமானால் ரிப்போர்ட் வர வேண்டும். எந்த ஊர்க் கம்பி பழுதோ அந்த ஊர் ஆபீஸ், அந்தக் கம்பி வழியாகவே, தந்தி மூலம் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். இது எங்கள் எஞ்சினியர் அய்யா போட்ட சர்க்குலர். அதற்கு முன்னால் கடுதாசியிலும் வாய்ச்சொல்லிலும் ரிப்போர்ட் வந்துகொண்டிருந்தது, வருஷத்துக்கு நாற்பது ஐம்பது பழுது. சர்க்குலர் வந்த மறுமாதமே பழுது அடியோடு நின்றுவிட்டது. இதைவிட ஒரு நிர்வாகத்துக்கு என்ன நற்சாட்சி வேண்டும்?

நம்பர் இல்லாமல் எந்த லயன்மேனும் அறுந்த கம்பியில் கை வைக்கக்கூடாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கம்பி துடைக்க நிரந்தர உத்தரவு உண்டு. அதுவரை அறுந்து கிடந்ததெல்லாம் அந்தத் துடைப்பில் சேர்ந்துவிடும். துடைப்பது பழுது பார்ப்பதாகாது.

இதற்கெல்லாம் காரணம் ஒரு வெள்ளிக் கோப்பை. வருஷம் முழுவதும் பழுதே இல்லாத சப்-டிவிஷனுக்கு மேலிடத்தில் ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். அது இருபது வருஷமாக யாருக்கும் போகாமல் ஒரு பீரோவில் கறுத்துக்கொண்டிருந்தது. எஞ்சினியர் அய்யா அதன் போட்டோவைத் தம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். காலையில் வந்ததும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவார்.

இப்போது அம்மாவாசிக்கு வருகிறேன். தேனியிலிருந்து போடி, பொட்டிப்புரம், தேவாரம் வழியாகப் பண்ணைப்புரம் வரை ஐந்நூற்று முப்பது தூண்களுக்கு அவன்தான் லயன்மேன். வீடு பண்ணைப்புரத்தில். வாரம் ஒருதரம் கம்பியைப் பார்த்துக்கொண்டே தேனிக்கு நடந்து வந்து, திங்கட்கிழமை என் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் கம்பியைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போவான். இருபத்தொரு வருஷ சர்வீஸ். அதில் ஒரு சிவப்பு மை. மூன்று வருஷத்துக்கு முன் வீரபாண்டித் திருவிழாவுக்கு நடந்து போகிற ஜனங்கள் காலில் சிக்குகிறது என்று ஒரு கம்பியை நம்பர் வாங்காமல் முடிந்துவிட்டான். இன்னொரு சிவப்பு மை விழுந்தால் வேலை போய்விடும்.

கம்பியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க இலாகாவில் ஒரு மீட்டர் உண்டு. வெளியே எடுத்தால் தூசி படும் என்று தேக்குப் பெட்டியில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம். லயன்மேன்கள் நாக்கால் பார்ப்பார்கள். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, அறுந்த முனையை நாக்கு நுனியில் வைத்தால், அந்தக் கோடியில் யாராவது தந்தி அடிக்கும்போதெல்லாம் சுரீரென்று புளிக்கும். யாரும் அடிக்காவிட்டால் வெறும் துருதான். இப்படி வைத்து வைத்து அம்மாவாசியின் நாக்கு நுனியில் ஒரு கறுப்புப் புள்ளியே விழுந்திருந்தது.

அவனுக்கும் பெண்சாதி மாயக்காளுக்கும் முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. சுருளி அருவிக்கு நேர்ந்துகொண்டு நாலாவதாகப் பிறந்தவள் சுருளியம்மாள், எட்டு வயது. தூண் உச்சியில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் குமிழ் இருக்கிறதே, அதைக் கவிழ்த்து வைத்தால் கிண்ணம் மாதிரி இருக்கும். சோறாக்கி விளையாட அப்படி ஒன்று வேண்டும் என்று அந்தப் பெண் அப்பனை நச்சரித்துக்கொண்டிருந்தாள். இலாகா சாமான் என்று அவனும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

அந்த ஜூன் மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, கணவாய்ப் பக்கமிருந்து பேய்க்காற்று அடித்தது. வருஷம் முடியப் பத்தே நாள். ஆபீசில் நாங்கள் சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். எஞ்சினியர் அய்யா காற்றை ஒருதரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "சர்க்குலர் இருக்கிறது" என்றார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸ் திறக்கும்போதே அம்மாவாசி வாசலில் நின்றான். செவ்வாய்க்கிழமையே ஊருக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டியவன்.

"ரைட்டரய்யா, பொட்டிப்புரத்துக்கிட்ட எலவமரம் சாஞ்சு கம்பி அத்துக் கெடக்கு. ஒரு நம்பரு போட்டுக் குடுத்தீகன்னா ஓடிப்போயி முடிஞ்சுபுடுவேன்" என்றான்.

"ரிப்போர்ட் வரலியேப்பா."

"கம்பி அத்துக் கெடக்குதுங்கய்யா. அதுல எப்பிடி வரும்?"

"வந்தா நம்பர் தாரேன்."

நான் பென்சில் சீவினேன்.

"அய்யா, நேத்து மத்தியானம் அங்கனதான் நின்னேன். கையில குறடு இருக்கு, கம்பி இருக்கு. அரைமணி நேர வேலை. சிவப்பு மைக்குப் பயந்துக்கிட்டுத் தொடாம பதினெட்டு மைலு திரும்பி நடந்து வந்தேன். பண்ணைப்புரத்துப் பக்கத்து முனைய நாக்குல வச்சேன்யா. சுரீர் சுரீர்னு அடிக்குது. ஜெபமணி அய்யா விடாம அடிச்சுக்கிட்டே இருக்காரு. மூச்சு விடல. என்னமோ அவசரமுங்கய்யா."

ஜெபமணி பண்ணைப்புரத்துத் தந்தி மாஸ்டர். வெடுக்கென்று பேசுகிற ஆள், ஆனால் வேலையில் கெட்டி. அவர் அநாவசியமாக அடிக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

"என்ன அடிக்கிறாரு?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதேய்யா. புளிக்குதா புளிக்கலையான்னு மட்டுந்தான் தெரியும்."

விஷயம் எனக்கு மேலே போய்விட்டது என்று அவனை எஞ்சினியர் அய்யாவிடம் அழைத்துப் போனேன். அவர் சர்க்குலர் பாஷையில்தான் பேசுவார். வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்பதும் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். பொறுமையாகக் கேட்டார். பிறகு கருவிப் பட்டியலை எடுத்து விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். குறடு, கப்பி, ஏணி, இடுப்புப் பட்டை, மண்வெட்டி.

"இதில் நாக்கு எங்கே இருக்கிறது?" என்றார்.

"இல்லீங்கய்யா."

"அங்கீகரிக்கப்படாத கருவியால் கண்டுபிடிக்கப்பட்டதை இலாகா கவனத்தில் எடுத்துக்கொள்ள இயலாது."

"கண்ணாலயும் பாத்தேன்யா. ரோட்டுல கெடக்கு."

"கண்ணும் பட்டியலில் இல்லை. ஒரு லயன்மேன் கண்ணால் பார்த்ததையெல்லாம் நாம் ஒப்புக்கொள்ள ஆரம்பித்தால், நாளைக்கு ஜனங்களும் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். யோசித்துப் பார். பண்ணைப்புரத்திலிருந்து திங்கட்கிழமை மாலை முதல் ஒரு தந்தியும் வரவில்லை. ஓர் ஊர் பேசாமல் இருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். நம் கம்பி அந்த நிம்மதியை ஒரு குறைவும் இல்லாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஒன்றாம் தேதி துடைப்பு இருக்கிறது. இன்னும் ஒன்பது நாள். அப்போது பார்த்துக்கொள்."

அம்மாவாசி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து கதவோரம் நின்றான். போகவுமில்லை, உட்காரவுமில்லை. ரிப்போர்ட் வந்தாலும் வரும் என்று தந்திப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். வராது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருபத்தொரு வருஷம் வேலை பார்த்த மனுஷன். அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் தொங்கிய பையில் ஏதோ கனமாக இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் பண்ணைப்புரத்துத் தலையாரி செல்லப்பாண்டி உள்ளே ஓடிவந்தான். வேட்டி முழங்கால் வரை புழுதி. ஒரு கையில் மடித்த காகிதம்.

"ஏ மாமா, நீ இங்கனயா நிக்கிற?" என்று அம்மாவாசியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். "ஊருல வாந்திபேதி. ஞாயித்துக்கெழமை ஆரம்பிச்சது. நேத்துப் பொழுது சாய பதினோரு பேரு போயிட்டாக. நம்ம ஊரு முன்சீப்பு அய்யா திங்கக்கெழமையே டாக்டருக்குத் தந்தி குடுத்துட்டாக. ஜெபமணி அய்யா ரெண்டு நாளா சோறு தண்ணியில்லாம அடிக்கிறாக, போகமாட்டேங்குது. கம்பி செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்து விட்டாக."

"இங்கன டாக்டரு ஆபீசுக்குப் போனியா?" என்றான் அம்மாவாசி.

"அங்கனதான் மொதல்ல போனேன். முன்சீப்போட தந்தி வந்தாத்தான் டாக்டரும் மருந்தும் ஏறும், வாய்ச்சொல்லுக்கு ஏறாதுன்னுட்டாக." அவன் குரல் இறங்கியது. "மாமா, நம்ம சுருளிக்கும் நேத்துக் காலையில பிடிச்சிருச்சு. நான் பொறப்படையில கண்ணு முழிச்சுத்தான் இருந்துச்சு. அப்பா எங்கன்னு கேட்டுச்சு."

செல்லப்பாண்டி கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவாசி நேரே எஞ்சினியர் அய்யா அறைக்குள் போனான். அனுமதி கேட்கவில்லை. அதை நான் பிறகு குறித்து வைத்தேன்.

எஞ்சினியர் அய்யா காகிதத்தை வாங்கி, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார்.

"இது காகிதம்" என்றார். "காகிதத்தில் வருவது கடிதம். கடிதம் தபால் பகுதியைச் சேர்ந்தது. தந்தி என்பது நம் ஆபீஸ் கம்பியில் வந்து, நம் குமாஸ்தா கேட்டு, நம் கையெழுத்தில் எழுதப்படுவது."

"அய்யா, எம்மக சாகக் கெடக்குதுய்யா. நம்பரு குடுங்கய்யா. நாலு மணிக்குள்ள முடிஞ்சுபுடுறேன். தந்தி வந்துரும், டாக்டரு ஏறிருவாரு. ஒங்க காலைப் பிடிக்கிறேன்."

பிடிக்கவும் செய்தான். எஞ்சினியர் அய்யா காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் கொடூரமானவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் குரல் தழுதழுத்த மாதிரிகூட இருந்தது.

"குழந்தைக்காக என் மனப்பூர்வமான அனுதாபம். அனுதாபத்தை வாய்மொழியாகத் தெரிவிக்க விதிகளில் இடமிருக்கிறது. பழுதைத் தெரிவிக்க இடமில்லை. முந்நூற்று ஐம்பத்தேழு நாள், அம்மாவாசி. ஒரு சப்-டிவிஷனே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. உன் ஒருவனுக்காக அதைக் கலைப்பது மற்ற லயன்மேன்களுக்கு நான் செய்யும் துரோகம் அல்லவா?"

அம்மாவாசி எழுந்து என்னைப் பார்த்தான். பழுதுப் புத்தகம் என் கையில் விரித்தபடி இருந்தது. பேனாவிலும் மை இருந்தது. ஒன்று என்ற ஒரே ஓர் எழுத்து. அதைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கும் நாலு பிள்ளைகள் இருந்தார்கள், எஞ்சினியர் அய்யாவுக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்குப் பிரமோஷன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சீ, என்ன பிழைப்பு.

"ஏலே செல்லப்பாண்டி, வாடா" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

ரயிலில் போடி போய், அங்கிருந்து எட்டு மைல் ஓடி, பொட்டிப்புரத்தில் கம்பியை முடிந்தபோது மணி ஐந்தே கால். முடிந்தவுடன் கம்பியை நாக்கில் வைத்துப் பார்த்தானாம். புளித்ததாம். ஜெபமணி அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தேனியில் நாங்கள் தந்திப் பெட்டியை ஐந்து மணிக்கு மூடிவிடுவோம். பண்ணைப்புரத்துத் தந்தி வியாழக்கிழமை காலை பத்து மணி மூன்று நிமிஷத்துக்கு வந்தது. பத்தரைக்கு டாக்டர் வண்டி ஏறிவிட்டார். அதில் குற்றம் சொல்வதற்கில்லை.

சுருளியம்மாள் புதன்கிழமை உச்சிப்பொழுதில் இறந்துபோயிருந்தாள். அப்பன் எங்கள் ஆபீஸ் கதவோரம் நின்று தந்திப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வாந்திபேதிச் சாவை வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள். அவன் போய்ச் சேரும் முன்பே புதைத்துவிட்டார்கள். செவ்வாய் மத்தியானமே அவன் சிவப்பு மைக்குப் பயப்படாமல் கம்பியை முடிந்திருந்தால் தந்தி எத்தனை மணிக்கு வந்திருக்கும், டாக்டர் எத்தனை மணிக்குப் போய் இறங்கியிருப்பார் என்று ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் போடுவதில்லை. அவன் போடாமல் இருந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது.

டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை கொடுத்த தந்தி வியாழக்கிழமை வந்தது ஏன், பண்ணைப்புரத்தில் மொத்தம் இருபத்தாறு பேர் செத்திருக்கிறார்கள், கம்பி அறுந்திருந்ததா, அதைப் பார்த்த லயன்மேனைத் தாம் நேரில் விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். மரியாதை தெரியாத கடிதம். உடனே நாங்களும் ஒரு விசாரணை வைத்தோம்.

இங்கேதான் ஒரு சிக்கல். நம்பர் இல்லாமல் கம்பியைத் தொட்டதற்கு அம்மாவாசியைத் தண்டிக்க வேண்டும். தண்டித்தால், அவன் எதை முடிந்தான் என்று எழுத வேண்டும். எழுதினால் கம்பி அறுந்திருந்தது என்று ஆகிவிடும். கோப்பை போய்விடும். தண்டிக்காமல் விட்டாலோ, டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். எஞ்சினியர் அய்யா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வழி கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். ஸ்டாக் விதிகளில் ஒரு மூலையில், பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து இலாகா வேலைக்குப் பயன்பட்ட எந்தப் பொருளும், யார் வாங்கியதானாலும், இலாகா சொத்து என்று ஒரு விதி இருந்தது. ஏணிகளுக்காகப் போட்டது. எந்தப் பொருளும் என்றுதான் அதில் எழுதியிருந்ததே ஒழிய, மரமா மாம்சமா என்று எழுதவில்லை. எஞ்சினியர் அய்யா அதை மூன்றுதரம் வாசித்துவிட்டு என் தோளில் தட்டினார். அவர் அதற்கு முன் யாரையும் தொட்டதில்லை.

விசாரணையில் அம்மாவாசி மொட்டையடித்த தலையோடு நின்றான்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் நாக்கில் தந்தி வந்ததா?"

"சுரீர்னு வந்துச்சுய்யா."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரமுங்கய்யா. எடுக்க மனசு வரல. வச்சுக்கிட்டே நின்னேன். எம்புள்ளைக்காக அடிக்கிறாகன்னு தெரியாமப் போச்சுய்யா. நாக்குல வந்தது மனசுக்கு வரலையே."

"எழுதும்" என்றார் எஞ்சினியர் அய்யா என்னைப் பார்த்து. "இருபத்தொரு வருஷமாக இலாகா வேலையில் உள்ள நாக்கு, இலாகாவின் கருவி. தந்தி செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கே இலாகாவின் கருவியை வந்தடைந்துவிட்டது. ஆகவே கம்பியில் பழுதில்லை. பிந்தைய தாமதம் தந்தியினுடையது, கம்பியினுடையதல்ல."

அம்மாவாசிக்கு ஒன்றும் புரியவில்லை. "அன்னைக்கு நாக்கு பட்டியல்ல இல்லேன்னீகளேய்யா?" என்றான்.

"அன்று இல்லை. இன்று சேர்த்திருக்கிறோம். இலாகா வளர்ந்துகொண்டே இருக்கிறது."

அவன் பைக்குள் கைவிட்டு ஒரு பீங்கான் குமிழை எடுத்து மேஜைமேல் வைத்தான். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. "மரம் சாஞ்ச எடத்துல கெடந்துச்சுய்யா. கம்பி அறாட்டி இது எப்பிடிக் கீழ விழும்? பாருங்கய்யா."

"இதை ஏன் பைக்குள் வைத்திருந்தாய்?"

"மக கேட்டுச்சுய்யா."

எஞ்சினியர் அய்யா பெருமூச்சு விட்டார். "இலாகா சொத்தை வீட்டுக்கு எடுத்துப் போவது பெருங்குற்றம். உன் துக்கத்தை முன்னிட்டு மன்னிக்கிறேன். ரைட்டர், இதைப் பெற்றுக்கொள்ளும்."

நான் பெற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க உபயோகப்பட்டது. பிறகு ஸ்டாக் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: நாக்கு, மாம்சம், ஒன்று. நுனியில் கறுப்புப் புள்ளி. மற்றபடி பழுதில்லை. அம்மாவாசியிடம் ஓர் உத்தரவும் கொடுக்கப்பட்டது. மேற்படி கருவியை இலாகா வேலைக்கு மட்டுமே உபயோகிக்க வேண்டும், மேற்படி தந்தி சம்பந்தமாகவோ மேற்படி வாரம் சம்பந்தமாகவோ சொந்தக் காரியத்துக்கு, எவரிடத்திலும், எடுக்கக்கூடாது. மீறினால் வேலையோடு போகாது, தந்தி ரகசியத்தை வெளியிட்டதற்காக ஜெயில். அவனுக்கு அதை நான் இரண்டுதரம் வாசித்துக் காட்டினேன். கைநாட்டு வைத்தான்.

மறுநாள் டாக்டர் வந்து அவனைக் கேட்டார். கம்பி அறுந்திருந்ததா, யார் தடுத்தார்கள், பயப்படாமல் சொல் என்று ஒரு மணி நேரம் கேட்டார். அம்மாவாசி வாயை இறுக்க மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. அதைத் தடுக்க உத்தரவில் இடமில்லை. டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை பதினைந்தாம் தேதி கோப்பை வந்தது. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் பந்தல் போட்டு, மாவிலை கட்டி, மேளம் வைத்தோம். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். எஞ்சினியர் அய்யா முக்கால் மணி நேரம் பேசினார். கம்பி என்பது வெறும் இரும்பல்ல, அது ஒழுக்கம் என்றார். அந்த ஜூன் மாதக் காற்றில் ஆயிரம் மரங்கள் விழுந்தன, நம் கம்பி தலைகுனியவில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பெரிய அதிகாரி நல்ல மனுஷர். "இந்தப் பெருமையெல்லாம் கம்பியோடு நடக்கிற தொழிலாளியைத்தான் சேரும். அந்த லயன்மேனைக் கூப்பிடுங்கள், இரண்டு வார்த்தை பேசட்டும்" என்றார்.

எஞ்சினியர் அய்யா முகம் வெளிறிவிட்டது. அம்மாவாசியை மேடையேற்றினார்கள். கோப்பையை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் அதைக் கவிழ்த்துப் பார்த்தான், நிமிர்த்திப் பார்த்தான்.

"பேசப்பா, கூச்சப்படாதே" என்றார் பெரிய அதிகாரி.

அம்மாவாசி எஞ்சினியர் அய்யாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு சொன்னான்: "நாக்கு ஆபீசு சாமானுங்கய்யா. சொந்தக் காரியத்துக்கு எடுக்கக்கூடாது."

பந்தலே சிரித்தது. எவ்வளவு அடக்கம், எவ்வளவு விசுவாசம் என்று பெரிய அதிகாரி மெய்சிலிர்த்துப் போனார். லயன்மேன் நன்றி தெரிவித்துப் பேசினார் என்று நான் குறிப்பில் எழுதினேன்.

விழா முடிந்து நான் ஆபீசுக்கு வந்தபோது மாயக்காள் வாசலில் நின்றிருந்தாள். பண்ணைப்புரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பந்தல் பக்கம் அவள் போகவில்லை.

"ரைட்டரு நீங்கதான?"

"ஆமாத்தா."

"எங்க வீட்டுக்காரக வாயே தொறக்கமாட்டேங்கிறாக. அத்துக் கெடந்த கம்பிய பாத்துட்டு ஏன் திரும்பிப் போனீக, எம்புள்ளைக்கு ஏன் மருந்து வரலன்னு கேட்டா, நாக்கு ஆபீசுதுங்கிறாக. அவுககிட்ட இனி நான் கேக்கல. செத்தவுக பேரையாச்சும் எங்கனயாவது எழுதி வச்சிருப்பாகள்ல. அந்த நோட்டுல எம்மக பேரு இருக்கா? பாத்துச் சொல்லுங்க."

நான் பழுதுப் புத்தகத்தை எடுத்து ஜூன் மாதத்துப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தாள் வெறுமையாக இருப்பது யாருக்கும் தெரியும்.

"எடம் இருக்குல்ல. எழுதுங்க. சுருளியம்மா. எட்டு வயசு."

"இதுல அதெல்லாம் எழுதக்கூடாது ஆத்தா. நம்பர் வாங்கின பழுதுதான் எழுதலாம்."

"அப்ப எம்மக செத்தது பழுது இல்லையா?"

பேனா கையில்தான் இருந்தது. இரண்டாவது தடவையும் கையில்தான் இருந்தது. பிறகு அவள் பார்வை மேஜையில் இருந்த பீங்கான் குமிழ்மேல் விழுந்தது.

"இதான் அது கேட்ட கிண்ணமா?"

தலையாட்டினேன். அவள் அதை எடுத்து, பெயர்ந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அடியிலிருந்த காகிதங்கள் காற்றில் பறந்தன. நான் தடுக்கவில்லை.

ஆனால் நான் ரைட்டர். மறுநாள் ஸ்டாக் சரிபார்க்கும்போது முறைப்படி எழுதினேன்: பீங்கான் குமிழ், விளிம்பு உடைந்தது, ஒன்று. காணவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றி எங்கள் ஆபீசில் எழுதப்பட்டது அந்த ஒரு வரிதான்.